எட்டாம் வகுப்புப் பெற்றோருக்கு: ஜெஸ்ஸி பிரவுனின் வாழ்க்கையை ஏன் முழுமையாகச் சொல்கிறோம்

அன்புள்ள பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.

வரும் டிசம்பர் முதல் வாரத்தில், எட்டாம் வகுப்பு மாணவர்களின் நூலகப் பாடவேளைகளில், அமெரிக்கக் கடற்படை விமானி ஜெஸ்ஸி லெராய் பிரவுனின் வாழ்க்கையைச் சொல்லித்தர இருக்கிறோம். இதை அறிவித்ததும் பெற்றோர் சிலர் என்னைச் சந்தித்து இரண்டு கேள்விகள் கேட்டனர். பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்குப் போர்க்கதை எதற்கு என்பது ஒன்று. சொல்வதானாலும் அவர் இறந்துபோகும் பகுதியையாவது விட்டுவிடக் கூடாதா என்பது மற்றொன்று. இரண்டும் அக்கறையில் பிறந்த கேள்விகள் என்பதால், சுருக்கமான சுற்றறிக்கையாக அல்லாமல், நாங்கள் சொல்லப்போவது என்ன என்பதையே இக்கடிதத்தில் உங்கள் முன் வைக்கிறேன்.

பிரவுன் 1926 அக்டோபர் 13 அன்று மிசிசிப்பி மாநிலத்தின் ஹாட்டிஸ்பர்க் நகரில், ஆறு பிள்ளைகள் கொண்ட ஓர் ஏழைக் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தார். தாய் ஆசிரியை, தந்தை கிடங்குத் தொழிலாளி. தந்தைக்கு வேலை போனபோது குடும்பம் அடுத்தவர் நிலத்தில் பயிரிட்டுப் பிழைத்தது. பள்ளி, பேருந்து, உணவகம் என எல்லாவற்றிலும் வெள்ளையருக்கு ஓரிடம், கறுப்பினத்தவருக்கு வேறிடம் என்று சட்டமே பிரித்து வைத்திருந்த காலம் அது. விமானக் காட்சி ஒன்றைச் சிறு வயதில் தந்தையுடன் சென்று பார்த்த நாளிலிருந்து விமானியாவதைத் தவிர வேறு ஆசை அவருக்கு இருக்கவில்லை. கறுப்பினத்தவரை இராணுவ விமானப் பிரிவில் சேர்ப்பதில்லை என்று அறிந்ததும், இது அநீதி என்று 1937-இல் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டுக்கே கடிதம் எழுதினார். கருத்தைக் கேட்டுக்கொண்டதாக வெள்ளை மாளிகையிலிருந்து பதிலும் வந்தது. நம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைவிட அப்போது அவர் இளையவர்.

1944-இல் கறுப்பின மாணவர்களுக்கான யுரேகா உயர்நிலைப் பள்ளியை வகுப்பில் இரண்டாம் இடத்தில் முடித்த பிரவுன், தம் விளையாட்டு நாயகர் ஜெஸ்ஸி ஓவன்ஸ் படித்த ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர விரும்பினார். அங்கே கறுப்பின மாணவர்கள் மிகச் சிலரே. அவருடைய தலைமையாசிரியர் நத்தானியேல் பர்கர், கறுப்பினத்தவருக்கான கல்லூரி ஒன்றில் சேர்வதே நல்லது என்று அறிவுரை கூறினார். என் தொழிலில் இருக்கும் எவரும் அந்த அறிவுரையைக் குறை சொல்லத் துணிய மாட்டார்கள். மாணவன் அவமானப்பட்டுத் திரும்பிவிடக் கூடாதே என்ற கவலைதான் அதில் இருந்தது. பிரவுன் அதை ஏற்கவில்லை. பின்னர் அதே பர்கர், வெள்ளையர் மிகுந்த பல்கலைக்கழகத்துக்குச் சென்ற நம் பள்ளியின் முதல் மாணவன் நீ, எங்கள் நாயகன் நீ என்ற பொருளில் அவருக்குக் கடிதம் எழுதினார். தம் அறிவுரையை மீறிச் சென்ற மாணவனுக்கு அப்படி எழுத ஓர் ஆசிரியருக்கு எவ்வளவு பெரிய மனம் வேண்டும் என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு.

கட்டடக்கலைப் பொறியியல் படித்துக்கொண்டே, இரவில் இரயில்வேயில் சரக்கு ஏற்றும் வேலை பார்த்துத்தான் அவர் செலவைச் சமாளித்தார். 1946-இல் கடற்படையின் சேமப்படையில் சேர்ந்ததும் மாதம் 50 டாலர் உதவித்தொகை கிடைத்தது. இல்லினாயில் உள்ள கிளென்வியூவில் தொடங்கிய பயிற்சி, அயோவாவின் ஆட்டம்வா வழியாக ஃபுளோரிடாவின் பென்சகோலாவில் தொடர்ந்தது. கறுப்பினத்தவர் ஒருவர் கடற்படை விமானியாவதை விரும்பாத பயிற்றுநர்களும் சக மாணவர்களும் வழிநெடுக இருந்தார்கள். அவரைத் தாமாகவே முன்வந்து ஏற்றுக்கொண்டு, நண்பராகவே நடத்திப் பறக்கக் கற்றுக்கொடுத்த ரோலண்ட் கிறிஸ்டென்சன் என்ற வெள்ளையினப் பயிற்றுநரும் இருந்தார். பயிற்சி மாணவர்கள் மணம் செய்துகொள்ளக் கூடாது என்ற விதி இருந்ததால், பள்ளிக்காலத் தோழி டெய்சியை 1947-இல் இரகசியமாக மணந்துகொண்டார். முப்படைகளிலும் இனப்பாகுபாட்டை நீக்கும் ஆணையில் குடியரசுத் தலைவர் ட்ரூமன் 1948 ஜூலை 26 அன்று கையெழுத்திட்டார். அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று பிரவுன் கடற்படை விமானிக்குரிய தங்கச் சிறகுச் சின்னத்தைப் பெற்றார். அமெரிக்கக் கடற்படையின் அடிப்படை விமானப் பயிற்சியை முடித்த முதல் கறுப்பினத்தவர் அவரே. 1949 ஏப்ரலில் என்சைன் என்னும் அதிகாரி நிலையும் அவருக்குக் கிடைத்தது.

லெய்ட் என்ற விமானந்தாங்கிக் கப்பலைச் சேர்ந்த 32-ஆம் போர்விமானப் பிரிவில் அவர் பணியாற்றினார். 1949 இறுதியில் அங்கே புதிதாக வந்து சேர்ந்தவர் தாமஸ் ஹட்னர்: மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃபால் ரிவர் நகரில் வசதியான குடும்பத்தில் பிறந்து, கடற்படைக் கல்லூரியில் படித்த வெள்ளையர். முதல் சந்திப்பில் பிரவுன் தலையசைத்து வணக்கம் சொன்னாரே தவிர, கையை நீட்டவில்லையாம். தாம் கை நீட்டி, எதிரில் இருப்பவர் அதைப் பற்றத் தயங்கினால் இருவருக்கும் சங்கடம் என்று அவர் நினைத்திருக்க வேண்டும் என்றும், தாமே கையைக் கொண்டுபோய் அவர் கையைப் பிடித்துக் குலுக்கியதாகவும் ஹட்னர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். பதவியில் ஹட்னர் மூத்தவர். ஆனால் அப்பிரிவின் கோர்செயர் போர்விமானத்தை ஓட்டிய அனுபவம் பிரவுனுக்கே அதிகம். ஆகவே வானில் பிரவுன் முன்செல்ல, அவருக்குத் துணையாக ஹட்னர் பின்தொடர்ந்தார்.

1950 ஜூன் 25 அன்று கொரியப் போர் மூண்டது. அவ்வாண்டு அக்டோபரில் லெய்ட் கொரியக் கடலை அடைந்தது. நவம்பர் இறுதியில் வடகொரியாவின் சோசின் நீர்த்தேக்கப் பகுதியில் அமெரிக்கர் உள்ளிட்ட ஐ.நா. தரப்புப் படையினர் ஏறத்தாழ 30,000 பேரை, வடகொரியாவுக்குத் துணையாக வந்த சுமார் 1,20,000 சீன வீரர்கள் சூழ்ந்துகொண்டனர். மலைக்குளிரில் துப்பாக்கிகளும் மருந்துகளும் உறைந்துபோயின. பின்வாங்கும் படைகளுக்கு மேலே தாழப் பறந்து வழியமைத்துக் கொடுப்பது விமானிகளின் வேலை. அவர்கள் வீசிய குண்டுகளுக்கு இரையானவர்களும் மனிதர்களே என்பதையும், போதிய குளிருடை இல்லாமல் உறைந்து மாண்ட சீன வீரர்கள் ஏராளம் என்பதையும் மாணவர்களிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று ஆசிரியர்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இந்தப் போருக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று வியப்பவர்களுக்கு ஒரு செய்தி. இந்தியா அங்கே சண்டையிடப் படை அனுப்பவில்லை. 60-ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவை அனுப்பியது. அதற்குத் தலைமை தாங்கியவர் லெஃப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ் என்ற தமிழர். 1950 டிசம்பரில் வடகொரியத் தலைநகர் பியோங்யாங்கைக் காலிசெய்யும்படி உத்தரவு வந்தபோது, மருத்துவக் கருவிகளைக் கைவிட மனமில்லாமல், கிடைத்த பழைய நீராவி எஞ்சின் ஒன்றில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, தாங்களே அந்த இரயிலை ஓட்டித் தெற்கே கொண்டுவந்து சேர்த்தார்கள் அவருடைய ஆட்கள். மகாவீர் சக்கரம் என்ற வீர விருது பின்னர் ரங்கராஜுக்கு வழங்கப்பட்டது. அவரைப் பற்றி அடுத்த பருவத்தில் தனியே ஒரு பாடவேளை ஒதுக்க எண்ணியிருக்கிறேன்.

1950 டிசம்பர் 4, பிற்பகல். ஆறு கோர்செயர் விமானங்கள் லெய்ட் கப்பலிலிருந்து புறப்பட்டன. நீர்த்தேக்கத்துக்கு மேற்கே தாழப் பறந்துகொண்டிருந்தபோது பிரவுனின் விமானத்திலிருந்து எரிபொருள் கசிவது போல் தெரிகிறது என்று தோழர் ஒருவர் வானொலியில் எச்சரித்தார். கீழிருந்து வந்த குண்டு ஒன்று தாக்கியிருக்க வேண்டும். எஞ்சின் ஆற்றலிழந்தது. பாராசூட்டில் குதிக்கும் அளவுக்கு உயரம் இல்லாததால், எதிரிப் பகுதியின் உட்புறத்தில், பனி மூடிய மலைச்சரிவில் பிரவுன் விமானத்தை இறக்கினார். மோதிய வேகத்தில் விமானம் மடங்கியது. அவர் கால் உள்ளே நசுங்கிச் சிக்கிக்கொண்டது. மேலே வட்டமிட்டவர்கள் அவர் இறந்துவிட்டதாகவே எண்ணினார்கள். பிறகு அவர் கையசைத்தார். விமானத்தின் முன்பகுதியிலிருந்து புகை எழுந்துகொண்டிருந்தது.

ஹட்னர் யாருடைய அனுமதிக்கும் காத்திருக்கவில்லை. நன்றாகப் பறந்துகொண்டிருந்த தம் விமானத்தை, சக்கரங்களை இறக்காமல், வயிறு தேய அதே சரிவில் வேண்டுமென்றே மோதி இறக்கினார். முதுகில் காயம்பட்ட நிலையில், பனியில் ஓடிச் சென்று பிரவுனை இழுத்துப் பார்த்தார், முடியவில்லை. கையால் பனியை அள்ளி அள்ளிப் புகையும் பகுதியில் அடைத்தார். உறைந்துகொண்டிருந்த பிரவுனின் தலைக்குத் தம் கம்பளித் தொப்பியை அணிவித்தார். பிறகு தம் விமானத்துக்கு ஓடி, கோடரியும் தீயணைப்பானும் கொண்டு ஹெலிகாப்டர் வர வேண்டும் என்று வானொலியில் கேட்டார். சார்லஸ் வார்டு என்ற மரீன் படை விமானி ஹெலிகாப்டருடன் வந்து சேர்ந்தார். இருவரும் சேர்ந்து ஏறக்குறைய முக்கால் மணி நேரம் கோடரியால் வெட்டிப் பார்த்தும் உலோகம் அசையவில்லை. பிரவுன் நினைவு தப்பியும் மீண்டும் வந்தும் கொண்டிருந்தார். அந்த வேதனையிலும் அவர் பதறவில்லை என்பதை ஹட்னர் கடைசிவரை சொல்லிவந்தார். டெய்சியை நேசிக்கிறேன் என்று அவளிடம் சொல்லிவிடுங்கள் என்பதே அவர் சொன்ன கடைசிச் செய்தி. இருள் கவியத் தொடங்கியது. அந்த ஹெலிகாப்டரால் மலைகளுக்கிடையே இரவில் பறக்க முடியாது. திரும்பி வருவோம் என்று கூறிவிட்டு ஹட்னர் புறப்பட வேண்டியதாயிற்று. அதற்குள் பிரவுன் பேச்சு மூச்சின்றிக் கிடந்தார். அவருக்கு வயது 24. மகள் பமீலா அப்போது சிறு குழந்தை.

மீண்டும் அங்கே செல்ல ஹட்னர் மன்றாடியும், பதுங்கித் தாக்குவார்கள் என்று அஞ்சி மேலதிகாரிகள் மறுத்துவிட்டனர். உடல் எதிரி கையில் சிக்கக் கூடாது என்று இரண்டு நாள் கழித்து அந்த இடத்தின் மீது அவருடைய தோழர்களே நேபாம் என்னும் தீக்குண்டுகளை வீசினார்கள். வானொலியில் கிறிஸ்தவப் பிரார்த்தனை சொல்லியபடி வீசினார்கள் என்று கூறப்படுகிறது. இதை வகுப்பில் ஒரே வாக்கியத்தில் சொல்லிக் கடந்துவிடுவோம், விவரிக்க மாட்டோம்.

பிரவுனுக்கு இறப்புக்குப் பின் டிஸ்டிங்விஷ்ட் ஃபிளையிங் கிராஸ், ஏர் மெடல், பர்ப்பிள் ஹார்ட் ஆகிய விருதுகள் வழங்கப்பட்டன. ஹட்னருக்கு 1951 ஏப்ரல் 13 அன்று வெள்ளை மாளிகையில், டெய்சியின் முன்னிலையில், அமெரிக்காவின் மிக உயர்ந்த வீர விருதான மெடல் ஆஃப் ஆனரை ட்ரூமன் அணிவித்தார்.

இறுதிப் பகுதியை விட்டுவிடக் கூடாதா என்ற கேள்விக்கு என் பதில் இங்கேதான் இருக்கிறது. ஹட்னர் பெற்ற விருது, நிறைவேறாமல் போன ஒரு முயற்சிக்குக் கிடைத்தது. அவர் ஒருவரையும் காப்பாற்றவில்லை, ஒரு விமானத்தை இழந்தார், தாமும் காயமுற்றார். அப்படியிருந்தும் ஒரு நாடு தன் மிக உயர்ந்த சிறப்பை அவருக்கு அளித்தது. பிரவுன் இறந்ததைச் சொல்லாவிட்டால் அந்த விருது எதற்கு என்பதே பிள்ளைகளுக்கு விளங்காது. மதிப்பெண் தவிர வேறு அளவுகோல் அதிகம் காணாமல் வளரும் நம் பிள்ளைகளிடம் இதைத் திருத்திச் சொல்வது, இதைச் சொல்லாமல் இருப்பதைவிடத் தவறு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்நிகழ்ச்சியைச் சொல்பவர்களில் பலர் பனிமலையில் தொடங்கி, ஹட்னரை நாயகராக்கி, பிரவுனைக் காப்பாற்றப்பட வேண்டியவராக மட்டும் காட்டிவிடுகிறார்கள். அது நியாயமன்று. அந்த மலைக்கு வந்து சேரும் முன்பே, தம்மை வேண்டாம் என்று சொன்ன ஓர் அமைப்பின் உள்ளே ஒவ்வொரு தேர்விலும் தேறி, இருபது போர்ப் பறப்புகளையும் முடித்திருந்தவர் அவர். ஆகவே முதல் இரண்டு பாடவேளைகளும் ஹாட்டிஸ்பர்க் முதல் பென்சகோலா வரையிலான அவர் வாழ்க்கைக்கே உரியவை. மூன்றாவதில்தான் கொரியா வரும்.

திரும்பி வருவோம் என்று மலையில் சொன்ன வாக்குறுதியை ஹட்னரும் விட்டுவிடவில்லை. டெய்சியின் குடும்பத்தோடு இறுதிவரை நட்பாக இருந்தார். பிரவுனின் பெயர் தாங்கிய போர்க்கப்பல் 1973-இல் பணியில் சேர்ந்தபோது அங்கே பேசினார். 2013 ஜூலையில், 88 வயதில், பிரவுனின் எச்சங்களைத் தேடி வடகொரியாவுக்கே சென்றார். மழையால் பாதைகள் சேதமடைந்திருந்ததால், செப்டம்பரில் வரும்படி அங்குள்ள அதிகாரிகள் கூறி அனுப்பினர். 2017 நவம்பரில் அவர் காலமானார். பிரவுனின் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை.

மூன்றாம் பாடவேளை டிசம்பர் 4-ஐ ஒட்டி நடைபெறும். பெற்றோரும் வந்து அமர்ந்து கேட்கலாம். குடும்பத்தில் அண்மையில் இழப்பைச் சந்தித்த பிள்ளைகள் இருந்தால், வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே தெரிவியுங்கள். அவர்களுக்கு அந்த வேளையில் வேறு வாசிப்புப் பணி தரப்படும், அதற்கான காரணம் யாரிடமும் கேட்கப்படாது. பாடம் முடிந்த வாரத்தில் பிள்ளைகள் வீட்டில் கேள்விகள் கேட்கக்கூடும். உங்களால் பதில் சொல்ல முடியாதவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். ஆசிரியர்கள் அடுத்த பாடவேளையில் அவற்றை எடுத்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைமையாசிரியர்