அக்கா, அந்த நெல்வயலை விற்காதீர்கள்

அன்புள்ள அக்கா,

நீங்கள் அனுப்பிய குரல் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். சிங்கப்பூரில் எங்கள் வீட்டில் அம்மாவைப் பார்த்துக்கொண்டபோது அவரிடம் பழகிக் கற்ற அதே தமிழ், இன்னும் மறக்கவில்லை. மகன் ஜப்பானுக்குப் போக ஆசைப்படுகிறான், ஏஜென்ட் பணம் கேட்கிறார், வயலை விற்றுக் கொடுத்துவிடலாம் என்கிறார் உங்கள் மைத்துனர். "தம்பி, நீ சொல்லு" என்று முடித்திருந்தீர்கள்.

உங்கள் சம்மதத்தோடு, பெயர் சொல்லாமல், இந்தப் பதிலைப் பொதுவில் எழுதுகிறேன். சிங்கப்பூரில் எத்தனையோ தமிழ் வீடுகளில் முதியவர்களைக் குளிப்பாட்டிச் சோறூட்டுவது உங்களைப் போல இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் உள்நாட்டுக் கிராமங்களிலிருந்து வந்த பெண்கள்தான். அவர்கள் விட்டுவந்த ஊரில் என்ன நடக்கிறது என்று நம்மில் பலருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். உங்களுக்கு இதை வாசித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பையன் போகட்டும். வயல் மட்டும் உங்கள் கையைவிட்டுப் போகக் கூடாது.

உங்கள் வொனோசோபோ மாவட்டத்துக்குக் கடற்கரையே கிடையாது. சிண்டோரோ, சும்பிங் என்ற இரண்டு எரிமலைகளின் நிழலில் இருக்கும் ஊர்கள். உங்கள் வீட்டுக்கு நிலம் மூன்று இடத்தில்: பள்ளத்தில் நெல்வயல், மேட்டில் மரவள்ளியும் செங்கோன் மரங்களும், வீட்டைச் சுற்றிச் சாலாக் பழத் தோட்டம். எல்லாம் சேர்ந்தும் அரை ஹெக்டேர், அதாவது ஒன்றேகால் ஏக்கர் வராது. உங்கள் மாமனார் காலத்தில் ஒரே கையில் இருந்தது பிள்ளைகளுக்குப் பிரிந்து பிரிந்து இப்படி ஆயிற்று.

இது உங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. 1960-இல் இந்தோனேசியா நிலச் சட்டம் போட்டபோது, ஒவ்வொரு விவசாயக் குடும்பத்துக்கும் குறைந்தது 2 ஹெக்டேராவது இருக்கும்படி அரசு முயல வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். 2013-இல் எடுத்த விவசாயக் கணக்கெடுப்பில், அரை ஹெக்டேருக்கும் குறைவாக வைத்திருந்த குடும்பங்கள் சுமார் 1.42 கோடி. 2023 கணக்கெடுப்பில் அது 1.68 கோடியைத் தாண்டிவிட்டது.

அந்தத் துண்டு நிலம் என்ன தருகிறது என்று நீங்களே எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள். நெல் வீட்டுச் சாப்பாட்டுக்கு. செங்கோன் மரம் ஐந்தாறு வருடத்தில் வெட்டுக்கு வரும். பள்ளிக் கட்டணமோ, கல்யாணமோ, ஆஸ்பத்திரிச் செலவோ வந்தால் அதை வெட்டி விற்பீர்கள். காசு பார்ப்பது சாலாக்கில்தான். பாம்புத்தோல் போர்த்த அந்தப் பழத்தை முள் கிழித்த கையோடு பறித்து வைத்தால், விலை சொல்வது வாசலில் லாரியோடு நிற்கும் வியாபாரி. மழைக்காலத்தில் எல்லார் தோட்டமும் ஒரே நேரத்தில் காய்க்கும். அழுகும் பழத்தை வைத்துக்கொண்டு யார் பேரம் பேச முடியும்? 2022-இல் மானிய உரத்தை ஒன்பது பயிர்களுக்கு என்று சுருக்கினார்கள். நெல், சோளம், மிளகாய், காப்பி எல்லாம் பட்டியலில் இருந்தன. சாலாக் இல்லை.

இதைப் பார்த்து வளர்ந்த பையன் வயலில் இறங்க மாட்டேன் என்றால் அவனைச் சோம்பேறி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சேறு பிடிக்கவில்லை என்று உங்கள் ஊர்ப் பெரியவர்கள் வருத்தப்படுவதாகச் சொன்னீர்கள். அக்கா, அவன் ஜப்பானுக்குக் கேட்டிருக்கும் வேலையும் விவசாயம்தானே! அங்கே குளிரில் குனிந்து முட்டைக்கோஸ் அறுக்கத் தயாராக இருக்கிறான். மண்ணை அவன் வெறுக்கவில்லை. உழைத்தால் மாதக் கடைசியில் இவ்வளவு வரும் என்று எண்ணிச் சொல்லக்கூடிய கூலி அங்கே இருக்கிறது, உங்கள் ஊரில் இல்லை. நீங்கள் சிங்கப்பூருக்கு வந்ததும் அதற்குத்தானே.

ஆனால் அந்த விசாவையும் சரியாகப் பாருங்கள். அவன் போகும் ஜப்பானின் முதல் வகைத் திறன் தொழிலாளர் விசாவில் மொத்தம் ஐந்து வருடம்தான் இருக்கலாம். குடும்பத்தை அழைத்துப்போக முடியாது. ஜப்பானிய மொழித் தேர்வும் விவசாயத் திறன் தேர்வும் எழுதித் தேற வேண்டும். யாருக்கு எவ்வளவு பணம் கட்டினாலும் தேர்வைத் தாண்டிப் போக வழியில்லை. ஐந்து வருடம் கழித்து முப்பது வயதுகூட ஆகாதவனாகத் திரும்புவான். திரும்புகிறவன் கால் வைக்க ஓர் இடம் வேண்டாமா? 1998 நெருக்கடியில் ஜகார்த்தாவில் கட்டட வேலையும் தொழிற்சாலை வேலையும் நின்றபோது, கூட்டம் கூட்டமாக மக்கள் கிராமத்துக்குத் திரும்பியதை நீங்களே அம்மாவிடம் சொன்னீர்கள். உங்கள் கணவரும் அவர்களில் ஒருவர். அப்போது உங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது பள்ளத்து வயலால்தான். கையில் காசு கொடுக்காத வயல் என்று மைத்துனர் சொல்வது உண்மை. வயிற்றைக் காயவிடாத வயல் என்பதும் உண்மை.

அப்படியானால் பணம்? கேயுஆர் என்ற அரசு மானிய வட்டிக் கடனில், வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. நிலத்தை விற்கும் முன் வங்கியில் அதைக் கேளுங்கள். அதற்கும் முன்னால், அந்த ஏஜென்டுக்கு உரிமம் இருக்கிறதா என்று மாவட்டத் தொழிலாளர் அலுவலகத்தில் விசாரியுங்கள். வெளிநாடு போகிற தொழிலாளியின் விவரங்களைச் சரிபார்த்துப் பதிவு செய்யும் பொறுப்பை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் கிராம நிர்வாகத்துக்குக் கொடுத்திருக்கிறது. தலைவர் வீட்டுக்குப் போய் உதவி கேட்பதுபோல் தயங்காதீர்கள், இது அவர்கள் வேலை. சிங்கப்பூருக்கு வந்த புதிதில் மாதக்கணக்கில் உங்கள் சம்பளம் கடனுக்கே பிடிபட்டதை நான் மறக்கவில்லை. அது உங்கள் மகனுக்கும் நடக்கக் கூடாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எனக்கு இதில்தான் அதிக நம்பிக்கை. 2014-இல் கிராமச் சட்டம் வந்தது. 2015 முதல் ஒவ்வொரு கிராமத்துக்கும் மத்திய அரசின் பணம் நேராக வருகிறது. 2023-இல் சராசரியாக ஒரு கிராமத்துக்குச் சுமார் 90 கோடி இந்தோனேசிய ரூபியா. அதை எதில் செலவழிப்பது என்று பேசும் ஊர்க்கூட்டத்தை ஜூன் மாதத்துக்குள் நடத்த வேண்டும் என்பது விதி. செப்டம்பர் முடிவதற்குள் அடுத்த வருடத் திட்டம் முடிவாகிவிடும். நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால், உங்கள் ஊரில் அது பெரும்பாலும் சிமெண்டு ரோட்டுக்கே போகிறது. ரோடு வேண்டாம் என்று சொல்லவில்லை. ரோடு வந்ததால் வியாபாரியின் லாரி வீட்டு வாசலுக்கே வருகிறது, விலை மட்டும் அவர் சொன்னதுதான்.

பழத்தைத் தரம் பிரித்து, பெட்டி கட்டி, ஊரே சேர்ந்து விற்க ஒரு கொட்டகையும் தராசும் வேண்டும் என்று யாராவது கேட்டார்களா? மழைக்காலப் பழத்தைச் சிப்ஸாகவும் இனிப்பாகவும் செய்யும் இயந்திரத்தைக் கேட்டார்களா? உங்கள் மாவட்டத்திலேயே குரிப்பான் கிராமத்தில், வெளிநாடு போகிறவர்களுக்கும் திரும்பி வந்தவர்களுக்கும் என்று தொழிலாளர் அமைச்சகமே ஒரு திட்டத்தைத் தொடங்கியது. போய்ப் பாருங்கள், எது நடந்தது, எது நடக்கவில்லை என்று அங்கே இருக்கும் பெண்களிடம் கேளுங்கள்.

கிராம ஆலோசனை மன்றத்தில் பெண் பிரதிநிதிக்கு ஓர் இடம் உண்டு, பெண்களே வாக்களித்துத் தேர்ந்தெடுப்பார்கள். இது 2016 முதல் விதி. 2024-இல் சட்டத்தைத் திருத்தி, கிராமத் தலைவரைப் போலவே மன்ற உறுப்பினரின் பதவிக் காலத்தையும் எட்டு வருடம் ஆக்கிவிட்டார்கள். அடுத்த முறை அந்த இடத்துக்கு நீங்கள் நிற்க வேண்டும் அக்கா. எனக்கென்ன படிப்பு என்று சொல்லாதீர்கள். அம்மாவின் மருந்துப் பட்டியலும் வீட்டுச் செலவுக் கணக்கும் உங்கள் கையில்தான் இருந்தன, ஒரு நாள் பிசகியதில்லை. ஹாங்காங்கிலிருந்தும் தைவானிலிருந்தும் திரும்பியவர்கள் உங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள் என்றீர்களே. நீங்கள் எல்லாரும் அனுப்பிய பணத்தில் எழுந்த ஊர் அது. அந்தக் கூட்டத்தில் டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வர வேண்டியவர்கள் இல்லை நீங்கள்.

இப்போதைக்கு ஏஜென்ட் கொடுத்த தாள்களை ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம், முன்பணமும் கொடுக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை இரவு கூப்பிடுகிறேன், மகனையும் மைத்துனரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். மைத்துனரிடம் நானே பேசுகிறேன்.

அன்புடன்,
உங்கள் தம்பி