ஓரத்துக்கு ஒரு சேம்பர் அடித்துவிடுங்கள்

நெடுஞ்சாலைகளை வரைந்து, அளந்து, போட்டு முடிக்கும் பொறியாளர்களுக்கு,

வணக்கம். உங்கள் சாலையின் இடது ஓரத்தைப் பற்றி ஒரு வேண்டுகோள். நான் பல்லாவரத்தில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்க்கிறவன். சொந்த ஊர் திருநெல்வேலிச் சீமையில் பணகுடிப் பக்கம். வருஷம் தவறாமல் ஊர்க் கோயிலின் ஆடிக் கொடைத் திருவிழாவுக்குப் போய்விடுவேன். போவது 2012-இல் வாங்கிய ஸ்பிளெண்டரில். போக ஏறத்தாழ 650 கிலோமீட்டர், வர இன்னொரு 650. இன்ஜின் 97.2 சிசி. எட்டு குதிரைசக்திக்கு அப்படி இப்படி இருக்கும்.

இதைச் சொன்னதும் என்னை ஹெல்மெட்டில் கேமரா மாட்டிக்கொண்டு லடாக் போகிற ஆள் என்று எண்ணிவிட வேண்டாம். அந்தப் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை, ஆனால் நான் அந்த ரகம் இல்லை. போக ஒரு டேங்க் பெட்ரோல், ஆயிரம் ரூபாய் சொச்சம். பண்டிகை நாளில் ரெண்டு பேருக்கு ஆம்னி பஸ் டிக்கெட் என்ன விலைக்குப் போகும் என்று உங்களுக்கே தெரியும். அதோடு, ஊரில் இறங்கினால் வயலுக்கும் கோயிலுக்கும் வண்டி வேண்டும். கணக்கு அவ்வளவுதான். தனியாகப் போனால் ஒரே நாள். வீட்டுக்காரியும் வந்தால் மேலூரில் அக்கா வீட்டில் ராத்திரி தங்கல்.

விடிகாலை மூன்றரைக்குக் கிளம்பினால் திண்டிவனம் பக்கம் கிழக்கு வெளுக்கும். அந்த வெளிச்சத்தில் சாலையின் இடது ஓரத்தைப் பாருங்கள். பின்சீட்டில் ஆள் உயரத்துக்குப் போர்வை கட்டிய டிவிஎஸ் எக்ஸ்எல். பிளாஸ்டிக் குடங்களைக் குலை குலையாகத் தொங்கவிட்ட இன்னொரு எக்ஸ்எல், ஓட்டுகிறவர் தலை மட்டும் தெரியும். வேளாங்கண்ணிக்குப் போகிற புருஷன் பெண்டாட்டி. பொங்கல் சமயமாக இருந்தால் டேங்க் மேல் பிள்ளை, நடுவில் பை, பின்னால் மனைவி, அவர் மடியில் இன்னொரு பிள்ளை. இவர்கள் யாரும் இதை பைக் பயணம் என்று சொல்லிக்கொள்வதில்லை. ஊருக்குப் போகிறார்கள், அல்லது வியாபாரத்துக்குப் போகிறார்கள். உங்கள் சாலையில் அதிகம் சாகிறவர்களும் இவர்கள்தான். 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் நூற்றுக்கு நாற்பத்துநாலு பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள். கணக்கு மத்திய அரசு வெளியிட்டது.

நான் ஓட்டும் வேகம் ஐம்பத்தைந்து. நாலுவழிச் சாலையில் பைக்குக்கு எண்பது வரை அனுமதி உண்டு, என் வண்டியை முறுக்கினால் அது எண்பதும் போகும். ஆனால் கைப்பிடி அதிரும், உட்காருமிடம் மரத்துப்போகும், இத்தனை வருஷம் ஓடிய இன்ஜின் 'வேண்டாம்ப்பா' என்று சத்தத்திலேயே சொல்லிவிடும். காற்றில் ஆறுகிற சின்ன இன்ஜினுக்கு ஐம்பத்தைந்துதான் சுகம். அந்த வேகத்தில் போகிறவனுக்கு உங்கள் சாலையில் எங்கே இடம்? வலது தடம் காருக்கு. இடது தடத்தில் லாரி, அதற்குப் பின்னால் லைட்டை அடித்து அடித்து வரும் பஸ். மிச்சம் இருப்பது வெள்ளைக் கோட்டுக்கு இடப்பக்கம் உள்ள ஒன்றரை மீட்டர். 650 கிலோமீட்டரில் முக்கால்வாசியை நான் அந்த ஒன்றரை மீட்டரில்தான் ஓட்டுகிறேன். இந்த மடல் முழுக்க அதைப் பற்றித்தான்.

அங்கே என்னவெல்லாம் கிடக்கும் என்று வரைபடத்தில் தெரியாது. நடுச்சாலையை வண்டிகளின் காற்றே கூட்டிப் பெருக்கிவிடும். அந்தக் குப்பை மொத்தமும் ஒதுங்குவது ஓரத்தில்தான். மணல், கண்ணாடிச் சில்லு, ஆணி, வெடித்த லாரி டயரின் உரிந்த பட்டை. அறுவடைக் காலத்தில் உளுந்து காயும். ரிஃப்ளெக்டர் இல்லாத லாரி இருட்டில் நிற்கும். எதிர்த் திசையில் ஒருவன் லைட் போடாமல் வருவான். இவற்றையெல்லாம் கண் பார்த்துச் சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாதது ஒன்று உண்டு. தார் முடிந்து மண் தொடங்குகிற விளிம்பு.

2019 ஆடியில் அந்த விளிம்புதான் என்னைத் தள்ளியது. எந்த இடம் என்று சொல்லப்போவதில்லை. உங்களுக்குத் தெரியாத இடமா? பின்னால் ஏர்ஹாரன் அடித்துக்கொண்டு ஒரு பஸ். எனக்கு முன்னால் ஓரத்தில் நிற்கும் லாரி ஒன்று. பஸ்ஸுக்கு வழிவிட நான் இன்னும் ஒரு சாண் இடதுபக்கம் ஒதுங்கினேன். முன்சக்கரம் தொப்பென்று மண்ணில் இறங்கியது. இறங்கியதில் விழவில்லை. விழுந்தது மேலே ஏறப் பார்த்தபோது. லாரி நெருங்க நெருங்க ஹேண்டிலை வலதுபக்கம் திருப்புகிறேன், டயர் ஏறாமல் தாரின் செங்குத்து விளிம்பை உரசிக்கொண்டே வருகிறது. இன்னும் கொஞ்சம் திருப்பினேன். சட்டென்று ஏறியது, ஏறிய வேகத்தில் வண்டி குறுக்கே திரும்பிப் படுத்தது. பஸ் போய்விட்டிருந்தது, அதனால்தான் இந்த மடலை எழுதிக்கொண்டிருக்கிறேன். இடது மணிக்கட்டில் முறிவு. லேத்காரனுக்கு மணிக்கட்டு என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை, ஏழு வாரம் பட்டறைப் பக்கம் போகவில்லை.

மறு வருஷங்களில் அதே இடத்தைத் தாண்டும்போதெல்லாம் மனசுக்குள் ஒரு அரிப்பு. கடைசியில் ஒரு தடவை வண்டியை நிறுத்தி, டூல் பையில் இருந்த ஸ்டீல் டேப்பை எடுத்து அளந்தே விட்டேன். தாரின் மேல்மட்டத்திலிருந்து மண்வரை 11 சென்டிமீட்டர். கத்தியால் வெட்டிய கேக் மாதிரி நேர் விளிம்பு. பக்கத்துப் பள்ளத்தில் ஆடு மேய்த்த பெரியவர், "சர்வேயா தம்பி?" என்று கேட்டார். விழுந்த இடம் என்றேன். "இங்கன மாசத்துக்கு ஒண்ணு விழுதே" என்று சொல்லிவிட்டு ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

இது எப்படி உண்டாகிறது என்று எனக்குப் புரியாமல் இல்லை. ஒவ்வொரு தடவை மேல்பூச்சுத் தார் போடும்போதும் சாலை ரெண்டு மூணு விரல்கடை உயர்கிறது. பக்கத்து மண்ணை யாரும் உயர்த்துவதில்லை. ஒரு மழை வந்து இருக்கிற மண்ணையும் அரித்துக்கொண்டு போகிறது.

எங்கள் தொழிலில் எந்தப் பொருளைக் கடைந்தாலும் கடைசியில் விளிம்பில் ஒரு சேம்பர் அடிப்போம். கூர் முனையைச் சரிவாகச் சீவிவிடுவது. அரை நிமிஷ வேலை. அது இல்லாமல் அனுப்பினால் எடுக்கிறவன் கை கிழியும், பொருள் திரும்பி வரும். உங்கள் சாலைக்கும் நான் கேட்பது அந்தச் சேம்பர்தான். புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். அமெரிக்காவில் தார் போடும் பேவர் இயந்திரத்திலேயே ஒரு தகட்டை மாட்டி, ஓரத்தை 30 டிகிரி சரிவாக அழுத்திக்கொண்டே போகிறார்கள். சக்கரம் இறங்கினாலும் அலுங்காமல் திரும்ப ஏறிவிடும். அந்தத் தகட்டை எங்கள் பட்டறையில் கேட்டால் ஒரு நாளில் செய்து கொடுப்போம். விளம்பரத்துக்குச் சொல்லவில்லை, அவ்வளவு எளிய சாமான் என்பதற்காகச் சொல்கிறேன்.

இந்த ஓரம் பாலம் வந்தால் காணாமல் போவது இன்னொரு கதை. ஒன்றரை மீட்டரை நம்பி வருகிறவன், வாய்க்கால் பாலத்தின் கைப்பிடிச்சுவர் நேரே முன்னால் நிற்பதைப் பார்த்து லாரித் தடத்துக்குள் நுழைய வேண்டும். பகலில் முன்கூட்டியே தெரியும். ராத்திரி எதிர்லைட்டில் கண் கூசும்போது தெரியாது. பாலத்தை அகலப்படுத்தச் செலவாகும் என்றால் ஒத்துக்கொள்கிறேன். நூறு மீட்டருக்கு முன்பிருந்தே வெள்ளைக் கோட்டைச் சாய்த்துப் போட்டு, ஒளிரும் பலகை ஒன்றை நட்டுவைக்க எவ்வளவு ஆகும்?

நாங்களும் யோக்கியர்கள் இல்லை. ஒருமுறை ரிசர்வும் தீர்கிற நேரத்தில், எதிர்ப்பக்கத்து பங்க்குக்கு ராங் சைடில் நானூறு மீட்டர் போயிருக்கிறேன். யு-டர்ன் மூன்று கிலோமீட்டர் தள்ளி இருந்தது. தப்புதான். ஆனால் ஊருக்குள் வரும்போது அணுகுசாலை, அதாவது சர்வீஸ் ரோடு என்று ஒன்றைத் தொடங்கி, அதை ஒரு ஓடைக்கரையில் அந்தரத்தில் முடித்துவிடுகிறீர்களே, அங்கே நிற்கிற பால்காரர் என்ன செய்வார்? எதிரே வருவார். என் மேல் மோதுவார்.

சுங்கச்சாவடிக்கு வருகிறேன். 2008 கட்டண விதிகளின்படி எங்களுக்குக் கட்டணம் கிடையாது, நன்றி. 2025 ஜூனில் பைக்குக்கும் கட்டணம் என்று ஒரு வதந்தி ஓடியது, அமைச்சரே மறுத்தார். காசு தராதவனுக்கு என்ன மரியாதை என்று நினைத்தோ என்னவோ, இடது கோடியில் எங்களுக்கென்று விட்டிருக்கும் சந்து பல இடங்களில் சந்துக்கே அவமானம். ஒரு சாவடியில், பெயர் வேண்டாம், கார் நுழையாமல் இருக்க நட்ட இரும்புத் தூணுக்கும் சுவருக்கும் நடுவே போகும்போது பக்கவாட்டில் கட்டிய பை தூணில் மாட்டியது. வேகம் ஒன்றுமில்லை, காலை ஊன்றிப் பிடித்துவிட்டேன். பையில் இருந்த கொடைக்கான பட்டு வேட்டி மணலும் ஆயிலுமாகக் கிடந்தது. வீட்டுக்காரி அதை உதறி மடித்த விதத்தில் ஊர் வரை நான் வாய் திறக்கவில்லை. அதே சாவடியில் கழிப்பறை இருக்கிறதா என்று அவள் கேட்டாள். இருந்தது, எட்டு தடத்தையும் தாண்டி அந்தப் பக்கம்.

அதே விதிகளில் இன்னொன்றும் இருக்கிறது. ஒரு சாவடிக்கும் அடுத்ததற்கும் பொதுவாக அறுபது கிலோமீட்டர் இடைவெளி. ஸ்பிளெண்டருக்கு அது ஒரு மணி பத்து நிமிஷம். இன்ஜினும் இடுப்பும் 'கொஞ்சம் நிறுத்து' என்று கேட்கிற நேரம் துல்லியமாக அதுதான். தெரிந்து வைத்தீர்களோ தெரியாமல் வைத்தீர்களோ, எங்களுக்கான அளவிலேயே வைத்திருக்கிறீர்கள். சாவடியில் எங்கள் சந்து முடிந்ததும் ஒரு தகரக் கூரை, ரெண்டு சிமெண்ட் பெஞ்ச், குடிதண்ணீர்க் குழாய், எங்கள் பக்கமே ஒரு கழிப்பறை, இவ்வளவு வைத்தால் போதும். முன்பெல்லாம் சாலை நெடுகப் புளியமரம் நின்றது, எந்த மரத்தடியிலும் நிறுத்தலாம். அகலப்படுத்த அவற்றை வெட்டினீர்கள், நடுவில் அரளி வைத்தீர்கள். எதிர்லைட் கண்ணில் படாமல் அரளி மறைக்கிறது, அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் அரளி நிழலில் யார் உட்கார?

மேலே சொன்னதெல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்து வருவது என் ஊர்ப்பக்கம். வள்ளியூர் தாண்டியதும் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று தொடங்கிவிடும். சும்மாவா அங்கே அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன? ஆடியில் தெற்கே போகிறவனுக்கு அந்தக் காற்று வலப்பக்கத்திலிருந்து, மேற்கிலிருந்து அறையும். நூற்றுப்பத்து கிலோ வண்டியை வலதுபக்கம் சாய்த்துப் பிடித்துத்தான் நேரே ஓட்ட முடியும். அப்போது ஒரு பஸ் முந்தும். முந்துகிற அந்த ரெண்டு நொடி பஸ் காற்றை மறைத்துவிடும், சாய்த்துப் பிடித்த வண்டி பஸ்ஸைப் பார்த்துப் போகும். சுதாரித்து நிமிர்த்துவதற்குள் பஸ் போய்விடும், காற்று பழையபடி அறையும், வண்டி இடதுபக்கம் எகிறும். இடதுபக்கம் என்ன இருக்கிறது? அந்த விளிம்பு. இந்த இருபது கிலோமீட்டருக்காவது முதலில் சேம்பர் அடியுங்கள். காற்று பலமாக வீசும் என்று ஒரு பலகையும் வையுங்கள். உள்ளூர்க்காரனுக்குத் தெரியும், கன்னியாகுமரி பார்க்க முதல்தடவை வருகிற எக்ஸ்எல்காரருக்குத் தெரியாது.

மலேசியாவில் கிள்ளானில் என் சித்தப்பா மகன் இருக்கிறான். அங்கே கோலாலம்பூர் போகும் கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்கென்றே தனித் தடம் 1970களிலேயே போட்டுவிட்டார்கள். அவன் ஓட்டுவது காப்சாய் என்கிற நூற்றுப்பத்து சிசி வண்டி, நம் ஸ்பிளெண்டருக்கு ஒன்றுவிட்ட தம்பி. மழை வந்தால் ஒதுங்கிநிற்க மேம்பாலத்தடியில் இடமும் உண்டாம். போனில் இதைச் சொல்லிவிட்டு, "அங்க எப்படிண்ணே?" என்று கேட்டான். சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

நீங்கள் வேறு வழியில் யோசிப்பதும் தெரிகிறது. பெங்களூரு–மைசூரு சாலையின் முக்கியத் தடங்களில் 2023 ஆகஸ்ட் 1 முதல் பைக் போகக் கூடாது. மும்பை–புனே விரைவுச்சாலையிலும் தடைதான். நூறில் போகிற காருக்குப் பக்கத்தில் ஐம்பத்தைந்தில் நான் போவது எனக்கே ஆபத்து என்பதை மறுக்கவில்லை. பக்கத்தில் அறுபடாத ஒரு அணுகுசாலையைக் கொடுத்துவிட்டு, இங்கே வராதே என்று சொல்லுங்கள், சந்தோஷமாகப் போய்விடுகிறேன். வழியைப் போடுவதற்கு முன்னால் பலகையை மட்டும் நடுவதைத்தான் ஏற்கமுடியவில்லை.

இந்த வருஷமும் ஆடி மூன்றாம் செவ்வாய் கொடை. திங்கட்கிழமை விடிகாலை மூன்றரைக்குக் கிளம்புவேன். செயின், கிளட்ச் கேபிள் மாற்றியாகிவிட்டது. டூல் பையில் டேப் இருக்கிறது, இந்தத் தடவை ஒரு நோட்டும் எடுத்துக்கொள்கிறேன். கிலோமீட்டர் கல்லையும் விளிம்பின் உயரத்தையும் எழுதிவந்து உங்கள் அலுவலகத்துக்கு அனுப்புகிறேன். 11 சென்டிமீட்டர் இருந்த இடத்தில்தான் முதலில் நிறுத்துவேன்.

இப்படிக்கு,
பல்லாவரத்து லேத்காரன்