மோரிஸுக்குச் சிவப்பு பெயிண்ட் வேண்டாம்

அன்பு மகன் சரவணனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். வாட்ஸ்அப்பில் நான் எதை எழுதினாலும் நீ கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறாய். அதனால்தான் தாளில் எழுதி, பக்கத்து வீட்டுப் பையனிடம் படம் பிடித்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். எழுத்து கிறுக்கலாக இருந்தாலும் பொறுமையாக உட்கார்ந்து படி.

நீ போட்ட முப்பதாயிரம் மலேசிய வெள்ளி பேங்கில் ஏறிவிட்டது. "மோரிஸுக்கு" என்று ஒரே வார்த்தைதான் குறிப்பில் இருந்தது, தாத்தாவின் பழைய மோரிஸ் மைனர் காருக்கு என்று புரிந்துகொண்டேன். நான் பணத்தைத் தொடவில்லை. அம்மாவிடமும் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அவள் முதலில் கேட்கப்போகிற கேள்வி என்ன என்று உனக்கே தெரியும், அதற்கு என்னிடம் பதில் இல்லை.

நீ ஏற்பாடு செய்த ரவாங் ஊர்ப் பட்டறை ஆள் சனிக்கிழமை வந்து காடியைப் பார்த்தார். மரியாதையான மனிதர், குறை சொல்ல முடியாது. ஆனால் பானெட்டைத் திறந்தவர் எஞ்சினைப் பார்க்கவில்லை, தகரத்தைத்தான் தட்டித் தட்டிப் பார்த்தார். மொத்தத்தையும் பிரித்து, மணல் அடித்துப் பெயிண்டை உரித்து, ஃபெராரி சிவப்பு அடித்து, சீட்டுக்குத் தோல் போட்டு, ஏர்கோன் வைத்து, முன்னால் டிஸ்க் பிரேக் மாட்டித் தருகிறாராம். எட்டு மாதம் ஆகுமாம். எட்டு மாதம் என்று பட்டறையில் சொன்னால் எவ்வளவு என்று நீயே கணக்குப் போட்டுக்கொள். போகும்போது பானெட் நடுவில் இருக்கும் அந்தப் பட்டை மேட்டைக் காட்டி, "இதையும் சமப்படுத்திவிடலாமா அண்ணே?" என்றார். அப்போதே எனக்குப் போதும் என்று ஆகிவிட்டது.

அந்த மேடு எப்படி வந்தது என்று உனக்குச் சின்ன வயதில் சொல்லியிருக்கிறேன். இஸிகோனிஸ் என்கிற என்ஜினியர் வரைந்த காடி அது. உற்பத்திக்குப் போகிற நேரத்தில், ஒல்லியாக இருக்கிறதே என்று அவருக்குப் பட்டிருக்கிறது. மாதிரிக் காடியை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, இரண்டு பாதியையும் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்து, நாலு அங்குலம் விட்டால் சரியாக இருக்கிறது என்று முடிவு செய்தார். அந்த நாலு அங்குலம்தான் பானெட்டில் இன்னும் தெரிகிறது. கம்பெனி முதலாளி நஃபீல்டு பிரபு இந்தக் காடியைப் பார்த்து, உடைத்து ஊற்றி அவித்த முட்டை மாதிரி இருக்கிறது என்று முகம் சுளித்தாராம். அந்த முட்டைதான் 1948-இல் தொடங்கி 1971 வரை ஓடி, பிரிட்டனில் ஒரு மில்லியனைத் தொட்ட முதல் காடி ஆனது. அதைப் போய்ச் சமப்படுத்துகிறேன் என்கிறவரிடம் சாவியை எப்படிக் கொடுப்பது?

நீ அனுப்பும் படங்களை எல்லாம் பார்க்கிறேன். இங்கிலாந்துக் காடிகள், ஆஸ்திரேலியாக் காடிகள், கண்ணாடி மாதிரி மின்னுகின்றன. எல்லாம் காலை ஒன்பது, பத்து மணிக்கு வருகின்றன. மெல்பர்னில் அப்போது பதினொன்று, பன்னிரண்டு இருக்கும். ஆபீசில் இப்போதெல்லாம் நிறைய ஓய்வு கொடுக்கிறார்கள் போல. நல்லதுதான். முன்பு தீபாவளிக்குக்கூட உன்னிடம் ஐந்து நிமிஷம் பேச முடியாது. வாய்க்கு வாய் உன் மேனேஜர் பேரைச் சொல்வாய், அவர் எப்படி இருக்கிறார்?

சரி, காடிக்கு வருகிறேன். போன தடவை நீ ஒரு வாதம் வைத்தாய். கோயிலுக்கே பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் செய்து பெயிண்ட் அடிக்கிறோம், காடிக்கு அடித்தால் என்ன என்று. நல்ல கேள்விதான், இரண்டு நாள் யோசித்தேன். பெயிண்ட் அடிப்பது கோபுரத்துச் சுதைக்கு. கருவறைக் கல்லுக்கு யாரும் பெயிண்ட் அடிப்பதில்லை. தமிழ்நாட்டில் சில கோயில்களில் சுத்தம் செய்கிறோம் என்று கல்லுக்கு மணல் அடித்து, கல்வெட்டு எழுத்தே மழுங்கிப் போய் பெரிய சண்டை ஆனது. உன் ரவாங் ஆளும் அதே மணலைத்தான் அடிக்கப் போகிறார். தகரம் சூடேறி வளைந்தால் மேலே புட்டி பூசி மறைப்பார். மூன்று மழைக்காலம் போனால் புட்டிக்கு அடியில் துரு கொப்பளிக்கும். முப்பது வருடம் பட்டறையில் இதைப் பார்த்தவன் சொல்கிறேன்.

நம் காடியில் சுதை எது, கல் எது என்று கேட்பாய். சொல்கிறேன். இந்தக் காடிக்குத் தனிச் சட்டகம் கிடையாது, உடம்புதான் சட்டகம். அதனால் தரைத் தகடு, கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி, பின் ஸ்பிரிங்கின் முன்பக்கத் தாங்கி, இந்த மூன்றிலும் துருவை விட்டுவைக்கக் கூடாது. போன மாதம் அடியில் படுத்து ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்தேன். இடது பக்கத் தாங்கியில் நுனி உள்ளே இறங்கியது. அதை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் போடத்தான் வேண்டும், அதில் எனக்குச் சண்டையே இல்லை. பிரேக்கும் அப்படித்தான். அந்த மாஸ்டர் சிலிண்டர் டிரைவர் காலுக்கு அடியில் ஒளிந்திருக்கிறதே, அதைக் கழற்ற முன் சக்கரத்துக்கு ஸ்பிரிங்காக இருக்கும் டோர்ஷன் பாரை எல்லாம் தளர்த்த வேண்டியிருக்கிறதே, அன்றைக்கு நீ ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தாய், ஞாபகம் இருக்கிறதா? எந்த நம்பர் ஸ்பேனர் என்று நான் சொல்வதற்குள் கையில் வைப்பாய். பட்டறையில் சம்பளம் வாங்கிய பையன்களுக்குக்கூட அந்தக் கை வரவில்லை.

பாதுகாப்புக்கு வேண்டியதை எல்லாம் செய்யலாம், பழைய பாகத்தைத் தூக்கிப் போடாமல் பெட்டியில் வைத்துக்கொண்டு. ஆனால் பெயிண்ட், சீட், கதவு அட்டை, திரும்பும் பக்கத்தைக் காட்டக் கதவுத் தூணிலிருந்து நீட்டுகிற அந்த மஞ்சள் கை, இவற்றைத் தொடாதே. பின்னால் வருகிற லோரிக்காரனுக்கு அந்தக் கை தெரியாது என்று சொல்கிறாய், அது நியாயம். சின்ன சிக்னல் விளக்கு ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளலாம், கையும் வேலை செய்யட்டும். 1959 காடியில் அது இருக்கத்தான் வேண்டும்.

கூரை ஓரத்தில் மழைநீர் ஓடும் விளிம்பு இரண்டு இடத்தில் நசுங்கியிருப்பதை ரவாங் ஆள் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பினாராமே, "டேமேஜ்" என்று. அது பெரியப்பா காவடியைக் கூரையில் வைத்துக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டிய இடம். தாத்தா ஓட்டுவார், பெரியப்பா விரதத்தோடு பின்னால் உட்கார்ந்திருப்பார், பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயில் வரைக்கும் யாரும் வாய் திறக்க மாட்டோம். கயிறு இழுத்த தடம் பெயிண்டில் கோடு கோடாக இன்னும் இருக்கிறது. கையால் தடவினால் தெரியும். அதைத் தட்டி நிமிர்த்துவதற்கு அரை மணி நேரம் போதும், நானே செய்வேன். செய்ய மாட்டேன்.

நான் கிழவன் பிடிவாதத்தில் பேசுகிறேன் என்று நினைக்காதே. 2024-இல் கலிபோர்னியாவின் பெபிள் பீச் போட்டியில் முதல் பரிசு வாங்கிய காடியை யூடியூபில் பார். 1934 புகாட்டி டைப் 59, ஒரு காலத்தில் பெல்ஜிய மன்னர் லியோபோல்டு வைத்திருந்தது. பழைய கறுப்பு பெயிண்ட் தேய்ந்து போய் அப்படியே நிற்கிறது. சீரமைக்காமல் காப்பாற்றிய காடிக்கு அங்கே பெரிய பரிசு கிடைத்தது அதுதான் முதல் தடவை. அதற்கு முன்னால் வருடா வருடம் மினுமினுப்புக்குத்தான் பரிசு. நம் மோரிஸ் புகாட்டி இல்லை என்று எனக்கும் தெரியும். 1.6 மில்லியன் செய்தார்கள், 948 சிசி, 37 குதிரைச் சக்தி, ஏற்றத்தில் சைக்கிள்காரன் முந்துவான். ஆனால் புதுசாக்கிய மோரிஸ் நிறைய இருக்கிறது, தொடாத மோரிஸ்தான் குறைந்துகொண்டு வருகிறது.

சுங்கை பாக்காப்பில் கோழிக்கூண்டாகக் கிடந்த காடி வேறு விஷயம். அதில் தரையே இல்லை. அதைப் பிரித்துப் புதுசாகக் கட்டியது சரி, நானும் போய் உதவினேன். காப்பாற்ற எதுவும் மிச்சம் இல்லாதபோதுதான் அந்த வேலை. நம்முடையது வெளியே கொஞ்சம் மங்கியிருக்கிறது, உள்ளே நன்றாக இருக்கிறது. மங்கினதற்கு எல்லாம் மெழுகு போதும், அதுவும் மெல்லத் தேய்க்க வேண்டும். அந்தக் காலப் பெயிண்டுக்கு மேலே கிளியர் கோட் என்கிற காப்புப் பூச்சு கிடையாது. அழுத்தித் தேய்த்தால் முனைகளில் பிரைமர் தெரிந்துவிடும்.

அப்புறம் ஒரு விஷயம். சிவப்பு அடித்தால் சாலைப் போக்குவரத்து ஆபீசான ஜேபிஜேயில் நிறத்தை மாற்ற வேண்டும், காடியின் பதிவுப் பத்திரமான கிராண்ட் தாத்தா பேரிலிருந்து என் பேருக்கு வந்ததே பெரிய பாடு. சிவப்பு உனக்கு எப்போது பிடித்தது? நீ நீலம்தானே கேட்பாய். யாருக்காகச் சிவப்பு? விற்பதற்கு என்றால் சொல்லிவிடு, கோபப்பட மாட்டேன். விற்கிற காடிக்குத்தான் சிவப்பு அடிப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா?

பாட்டி திதிக்கு நீ வரவில்லை என்று சின்ன அத்தை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். டிக்கெட் விலை என்றாய். சரி. ஆனால் டிக்கெட்டுக்கு இல்லாத பணம் மூன்று மாதத்தில் மோரிஸுக்கு எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. ஆபீசில் கொடுத்து அனுப்புகிற மாதிரி மொத்தமாக வந்திருக்கிறதே என்று மட்டும் தோன்றியது. அம்மா கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, அதைச் சொல்ல மறந்துவிட்டேன். மாமரம் இந்த வருடம் காய்க்கவில்லை.

பினாங்குத் தீவுக்குப் போகிற படகில் இப்போது காடி ஏற்றுவதில்லை. 2021 ஜனவரியோடு நிறுத்திவிட்டார்கள், பாலம்தான் வழி. மோரிஸைப் பாலத்தில் ஓட்ட எனக்குத் தயக்கம், எல்லாரும் பறக்கிறார்கள். நீ வந்தால் நீ ஓட்டு, நான் பக்கத்தில் உட்காருகிறேன். எப்போது வேண்டுமானாலும் வரலாம். லீவு போட்டுத்தான் வர வேண்டும் என்று இல்லை. உன் அறையில் தையல் மெஷினை வைத்திருக்கிறாள் அம்மா, ஒரு நாளில் எடுத்துவிடலாம். இங்கே பட்டர்வொர்த்தில் வேலையும் இருக்கிறது, உன் படிப்புக்கு பாயான் லெப்பாஸ் பக்கம் எத்தனையோ கம்பெனி. சும்மா சொல்கிறேன்.

சொன்னதையே சொல்கிறேன் என்று அலுத்துக்கொள்ளாதே, கழற்றும் முன் யோசி. கழற்றிய பிறகு போல்ட் எங்கே போச்சு என்று தேடுவதில் பயன் இல்லை. முன் சக்கரம் திரும்புகிற மரை மூட்டான டிரனியனுக்கு நான் மாதா மாதம் கிரீஸ் அடித்துவிடுகிறேன், அடிக்காமல் விட்டால் மரை தேய்ந்து சக்கரம் படுத்துவிடும். பிளாஸ்டிக் உறை போட்டு மூடாதே என்று உன் தம்பியிடமும் சொல்லிவிட்டேன், இந்தப் புழுக்கத்தில் உள்ளே தண்ணீர் கோக்கும்.

ரவாங் ஆளிடம் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தாங்கி வெல்டிங்குக்கும் பிரேக்குக்கும் என் சேமிப்பே போதும். உன் முப்பதாயிரத்தை அங்கே திருப்பி அனுப்பவா, இங்கேயே உன் பேரில் போட்டு வைக்கவா என்று சொல். வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் போடாதே. எந்த நேரமானாலும் போன் பண்ணு, நான் அம்மாவுக்குக் கேட்காத மாதிரி வெளியே வந்து பேசுகிறேன்.

இப்படிக்கு,
அப்பா