நீ பெரிதாக வரைந்த கைகள்

அன்புள்ள தம்பி,

டவுன்ஹால் ரோட்டு ஃப்ளெக்ஸ் கடையில் டிசைனர் வேலையா, காது கேளாதோர் பள்ளியில் ஓவிய ஆசிரியர் வேலையா என்று வாட்ஸப்பில் கேட்டிருந்தாய். வாத்தியாராகிவிட்டால் படம் வரைவது நின்றுபோகுமோ என்ற பயம் உனக்கு. இதற்கு இரண்டு வரியில் பதில் போட மனம் வரவில்லை.

சின்ன வயதிலேயே காது கேட்காமல் போன ஓவியர் சதீஷ் குஜ்ராலைப் பற்றி வகுப்பில் சொல்லியிருக்கிறேன். காது கேளாத அமெரிக்க ஓவியர் பெட்டி மில்லரைப் பற்றிச் சொன்னதில்லை. 1934இல் சிகாகோவில் பிறந்தவர். அப்பா, அம்மா இருவருக்கும் காது கேட்காது. வாஷிங்டனில் காது கேளாதோருக்கான கல்லூடெட் கல்லூரியில் படித்து, அங்கேயே ஓவியம் சொல்லிக்கொடுத்தார். கற்பித்துக்கொண்டிருந்த காலத்தில்தான், 1972இல், தன் முதல் தனிக் கண்காட்சியை வைத்தார். அந்த வருடம் அவர் வரைந்த ஒரு படத்தில் இரண்டு கைகளுக்கு விலங்கு பூட்டியிருக்கும். விரல்கள் துண்டு துண்டாக வெட்டுப்பட்டிருக்கும். சைகை மொழிக்குத் தடை என்பதுதான் படத்தின் பெயரே.

1880இல் இத்தாலியின் மிலான் நகரில் நடந்த காது கேளாதோர் கல்வி மாநாட்டில், சைகை வேண்டாம், வாய்ப்பேச்சே போதும் என்று முடிவு செய்தார்கள். வாக்களித்தவர்களில் கிட்டத்தட்ட எல்லோருமே காது கேட்கிறவர்கள். அப்புறம் பல நாடுகளில் காது கேளாத ஆசிரியர்களுக்கு வேலை போனது. சின்ன வயதில் சைகை செய்ததற்காக உன் விரலில் ஸ்கேலால் அடித்ததை, சமணர் மலை அடிவாரத்தில் உட்கார்ந்து நீ எனக்கு வரைந்து காட்டினாயே, மில்லரின் படத்தைப் பார்த்ததும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

1989இல் மில்லரும் வேறு சில கலைஞர்களும் கூடி, காது கேளாதோர் வாழ்வைச் சொல்லும் கலைக்கு 'டிவியா' என்று பெயரிட்டு ஓர் அறிக்கை எழுதினார்கள். பளிச்சென்று முரண்படும் நிறங்கள், பெரிதாக்கிய கண், வாய், காது, கை இவையெல்லாம் அந்தக் கலையின் அடையாளங்கள் என்கிறது அது. தம்பி, நீ கையைப் பெரிதாகப் போட்டபோதெல்லாம் அளவு தப்பு என்று ரப்பரை எடுத்து அழித்தவன் நான். தப்பு என்னுடையது. என்னை மன்னித்துவிடு.

சரி, வேலை விஷயம். கடையில் சம்பளம் கூடத்தான் வரும். ஆனால் தெப்பக்குளத்துப் படிக்கட்டில் அந்தச் சின்னப் பிள்ளைகளுக்கு மைய மண்டபத்தின் நிழலை எப்படிப் போடுவது என்று நீ சைகையில் விளக்கினாய். ஒரு மாதமாக நான் எழுதிக் காட்டியும் பிடிபடாததை அரைமணி நேரத்தில் பிடித்துக்கொண்டார்கள். நீ பள்ளிக்குப் போ. வரைவதையும் விடாதே.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. உன் பழைய நோட்டுகளை எடுத்து வைக்கிறேன். நான் அழித்த கைகளை மறுபடி வரைந்து கொடு.

அன்புடன்,
உன் டிராயிங் வாத்தியார்