எந்தச் சுவர் பொது என்று எழுதுங்கள்

மட்டக்களப்பில் வீடு, காணித் தரகு செய்யும் அண்ணன்மாருக்கும் நானாமாருக்கும்,

கல்முனையில் இருந்து மட்டக்களப்புக்கு இடமாற்றம் கிடைத்து, இரண்டு மாதமாக வாடகை வீடு தேடி அலையும் ஓர் ஆசிரியை எழுதுகிறேன். என்னோடு இருப்பது அம்மா மட்டும்தான். அவவுக்கு 72 வயது, முழங்கால் வருத்தம். உங்களில் பலர் எனக்கு உதவியிருக்கிறீர்கள், வெயிலில் என்னோடு தெருத்தெருவாக நடந்திருக்கிறீர்கள். உங்களில் யாரிடமும் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் நீங்கள் விளம்பரத்தில் போடும் சொற்களை நம்பித்தான் நான் ஒவ்வொரு முறையும் அம்மாவை ஓட்டோவில் ஏற்றுகிறேன்.

முதலில் கல்லடியில் பார்த்த ‘2 அறை அனெக்ஸ்’, அதாவது வீட்டுக்காரரின் வீட்டோடோ வளவிலோ வாடகைக்கு விடும் பகுதி. போய்ப் பார்த்தால், வீட்டுக்காரரின் வீட்டிலேயே பின்பாதி. எங்கள் சமையலறைக்கும் அவர்கள் சாப்பாட்டு அறைக்கும் நடுவே ஒரு கதவு இருந்தது. அதைப் பூட்டி, முன்னால் ஓர் அலுமாரியை நகர்த்தி வைத்திருந்தார்கள். அலுமாரிக்கு மேலால் அந்தப் பக்கத்து வெளிச்சமும் மீன் பொரிக்கும் மணமும் வந்தன. அவர்கள் பேசுவது சொல் சொல்லாகக் கேட்டது. வீட்டுக்கார அக்கா நல்ல மனுசி, அம்மாவுக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தா. தரகர் அண்ணனிடம் கேட்டேன். “தனி வாசல் இருக்குத்தானே பிள்ளை, அப்ப அனெக்ஸ்தான்” என்றார்.

அடுத்த கிழமை ஊறணியில் இன்னோர் அனெக்ஸ். அது முழு மேல் மாடி. ஏறிப்போக வெளியே இரும்புப் படி, 17 படிகள். அம்மா கீழே கைபிடியைப் பிடித்தபடி அண்ணாந்து பார்த்துவிட்டு, “நீ போய்ப் பார்த்துட்டு வா மகள்” என்றா. அப்புறம் ஆரையம்பதியில் ஒன்று. அது வளவுக்குள் தனியாக நின்ற சின்ன வீடு, கேற் மட்டும் பொது. மூன்றுக்கும் ஒரே பெயர். அம்மாவால் இருக்கக்கூடியது மூன்றாவது மட்டும்தான், அதையும் நாங்கள் போவதற்குள் வேறொருவர் எடுத்துவிட்டார்.

மின் மீற்றர் விசயமும் அப்படித்தான். அலகு கூடக் கூட, ஓர் அலகின் விலையும் கூடுகிற கட்டணம் நம்முடையது. தனித்தனி மீற்றரில் 60 அலகு பாவிக்கும் இரண்டு குடும்பங்கள் ஒரே மீற்றரில் 120 ஆகிவிடும். இரண்டு வீடும் தனித்தனியே கட்டியிருக்கக்கூடியதை விடப் பில் கூட வரும். அந்த மேலதிகம் யாருடையது என்று மாதா மாதம் முகம் பார்த்துப் பேச வேண்டும். தண்ணீர்க் கட்டணத்திலும் இதே கதைதான். ஆனால் அனெக்ஸ் என்ற சொல்லுக்குள் மீற்றர் ஒன்றா இரண்டா என்பது தெரிவதில்லை.

ஒட்டி வாழ்வது நமக்குப் புதிதில்லை. தமிழரும் முஸ்லிம்களும் பெண் பிள்ளைக்கு வீட்டைச் சீதனமாகக் கொடுக்கும் மண் இது. மூத்தவளுக்குத் தாய் வீட்டைக் கொடுத்துவிட்டு, இளையவளுக்கு அதே வளவில் இன்னொன்று கட்டுவோம். இடம் போதாவிட்டால் அதே சுவரில் ஒட்டிக் கட்டுவோம். காத்தான்குடியிலும் சாய்ந்தமருதிலும் நடந்தாலே இது தெரியும். கிணறு பொது, சுவர் பொது, ஆனால் சண்டை வந்தாலும் அக்கா தங்கச்சிக்குள் வந்து தீரும். இன்று அந்தச் சுவருக்கு இரண்டு பக்கமும் ஒருவரை ஒருவர் அறியாதவர்கள் இருக்கிறார்கள். முன்பு சொல்லாமலே விளங்கியதை இனி எழுதித்தான் ஆக வேண்டும்.

விற்பனையில் இது இன்னும் பாரதூரமானது. என் தம்பி ரொறன்ரோவில் இருக்கிறான். இங்கே 10 பேர்ச் காணியில் வரிசையாக 4 வீடு, ‘டவுன் ஹவுஸ்’ என்று ஒரு விளம்பரத்தைப் பார்த்துவிட்டு அனுப்பினான். அவன் ஊரில் டவுன் ஹவுஸ் என்றால் பக்கச் சுவர் ஒட்டிய, கீழும் மேலும் உள்ள வீடு. லண்டன் மச்சாள் அதை ‘டெரஸ் வீடு’ என்கிறா. இங்கே டெரஸ் என்றால் மொட்டை மாடிதானே என்று அம்மா கேட்கிறா. ‘டியூப்ளெக்ஸ்’ என்றால் கனடாவில் இரண்டு குடும்பத்துக்கான கட்டடம், நம்மிடம் அது உள்ளுக்குள் படி வைத்த ஒரே வீடு. இவையெல்லாம் வீட்டின் உருவத்தைச் சொல்கிற சொற்கள். ‘கொண்டோ’ என்பது உருவமே இல்லை, உரிமையின் வகை: வீடு ஒவ்வொருவருக்கும் தனி, பொது இடங்கள் எல்லோருக்கும் சேர்த்து. வரிசை வீடும் கொண்டோவாக இருக்கலாம். மாடி வீடு கொண்டோவாக இல்லாமலும் இருக்கலாம்.

தம்பி அனுப்பிய அந்த வீட்டின் உறுதி, அதாவது உரிமைப் பத்திரத்தின் வரைவை, உறுதி எழுதும் நொத்தாரிசு ஐயாவிடம் காட்டினோம். தரகர் “தனி உறுதி” என்றிருந்தார். உறுதிப் பத்திரம் தனிதான், ஆனால் அதில் இருந்தது பிரிபடாத நாலில் ஒரு பங்கு. அதாவது முழுக் காணியிலும் நாலு பேருக்கும் பங்கு, இந்த வீடு இவனுக்கு என்று எந்தப் படமும் இல்லை. காணியைத் துண்டு பிரித்து, அனுமதி பெற்ற நில அளவைப் படம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால், மாடி வீடுகளின் உடைமை பற்றிய 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி, கட்டடத்தில் ஒவ்வொரு வீட்டையும் பிரித்துக் காட்டும் படம் பதியப்பட்டிருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் நாளைக்கு ஒருவர் பங்கு வழக்குப் போட, நாலு பேரும் நீதிமன்றத்தில் நிற்க வேண்டிவரும். அதை எங்களுக்கு விளக்கியது நொத்தாரிசு ஐயா. தரகர் முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

ஆங்கிலச் சொல்லே வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. அனெக்ஸ் என்றே போடுங்கள், சரி. அதற்குப் பக்கத்தில் எந்தச் சுவர் பொது, படி எங்கே, மீற்றர் எத்தனை, விற்பனை என்றால் துண்டு தனியா பங்கா என்று எழுதுங்கள். இடம் போதாது என்பீர்கள். ‘லக்சரி’, ‘சுப்பர்’, ‘உடன் பார்க்கவும்’ என்பவற்றை எடுத்துவிட்டாலே இடம் வந்துவிடும். நான் எழுதினால் இப்படித்தான் எழுதுவேன்:

நாவற்குடா. வாடகைக்கு. வீட்டுக்காரர் வீட்டோடு ஒட்டியது, ஒரு பக்கச் சுவர் பொது, நடுவில் கதவு இல்லை. கீழ்த்தளம், வாசலில் ஒரு படி. மின் மீற்றர் தனி, தண்ணீர் பொது, மாதம் பாதி. கேற் பொது, இரவு 10 மணிக்குப் பூட்டப்படும். 2 அறை, குளியலறை உள்ளே.

இப்படி ஒரு வீடு உங்கள் கையில் இருந்தால் சொல்லுங்கள். நானும் அம்மாவும் அடுத்த ஓட்டோவில் வருகிறோம்.

இப்படிக்கு,
வீடு தேடும் ஆசிரியை