கோட் சொல்றது எந்த சிலிண்டர்னு மட்டும்தாங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். உங்க பேப்பர்ல புதுக் கார், எலக்ட்ரிக் கார்னு நிறைய வருது, நல்லாத்தான் இருக்கு, ஆனா பத்து வருஷம் ஓடுன வண்டிய வச்சிட்டு ஒர்க்‌ஷாப் ஒர்க்‌ஷாப்பா அலையறவங்களப் பத்தியும் கொஞ்சம் போடணும்னு இந்த லெட்டர எழுதறேன்.

என் வண்டி 2014 மாடல், நாலு சிலிண்டர் பெட்ரோல், 1,10,000 கிலோமீட்டர் தாண்டிருச்சு. போன மழைக்கு வால்பாறை போறப்ப ஆழியாறு தாண்டி மூணாவது வளைவுலயே வண்டி விட்டு விட்டு இழுக்க ஆரம்பிச்சிருச்சு, ரெண்டாவது கியர்ல ஆக்சிலேட்டர மிதிச்சா திக்கு திக்குனு குலுங்குது, டேஷ்போர்டுல இன்ஜின் செக் லைட் நிக்காம சிமிட்டுது. சமதளத்துல மெதுவா போனா ஒண்ணுமே தெரியல. திரும்பி வந்து ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்ல விட்டேன், பேரு வேண்டாம். ஸ்கேனர் மாட்டிப் பாத்து, வண்டிக் கம்ப்யூட்டர் குறிச்சு வச்ச கோளாறு நம்பர், அதாங்க கோட், பி0303னு சொன்னாங்க, மூணாவது சிலிண்டர் சரியா வெடிக்காம மிஸ்ஸாகுதுன்னு அர்த்தம், கூடவே பி0420, அது புகையச் சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சரியா வேலை செய்யலங்கற கோட். இன்ஜெக்டர் கிளீனிங்னாங்க, அப்புறம் ஆக்சிஜன் சென்சார்னாங்க, 14,000 ரூபாய் போச்சு. ஒவ்வொரு தடவையும் கோட கிளியர் பண்ணி "லைட் போயிருச்சு சார்"னு சாவியக் குடுப்பாங்க, வீடு வந்து சேர்றதுக்குள்ள லைட் திரும்ப வந்துரும். கடைசியா கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் மாத்தணும், 40,000 ஆகும்னாங்க.

அப்பதான் ஒரு சொந்தக்காரர் சொல்லி, ஷெட்டு மாதிரி இடத்துல வேலை பாக்கற ஒரு பெரியவர்கிட்ட போனேன். அவர் முதல்ல எந்த பார்ட்டையும் வாங்கச் சொல்லல. பொறி விழ பிளக்குக்குக் கரண்ட ஏத்திக் குடுக்கற காயில், பிளக்குக்கு ஒண்ணா நாலு இருக்கு, அதுல மூணாவத கழட்டி ஒண்ணாவதுல மாட்டுனாரு, ஒண்ணாவத மூணாவதுக்கு மாத்துனாரு, கோட கிளியர் பண்ணிட்டு "தம்பி, பக்கத்து மேட்டுல ஒரு ரவுண்டு மிதிச்சிட்டு வாங்க"ன்னாரு. வந்து பாத்தா பி0301, அதாவது இப்ப ஒண்ணாவது சிலிண்டர்! மிஸ்ஸிங் காயில் கூடவே நடந்து போயிருச்சு. மொத்தமா கால் மணி நேரம், செலவு ஒண்ணுமில்ல.

அந்தக் காயில என் கையில குடுத்துப் பாக்கச் சொன்னாரு. அடியில ரப்பர் ஊதி, கொழகொழன்னு எண்ணெய், ஓரத்துல முடி மாதிரி ஒரு கோடு, கரண்டு பிளக்குக்குப் போகாம அந்த வழியா எகிறி பாடிக்குப் போன தடம். பிளக் குழிக்குள்ள டார்ச் அடிச்சா இன்ஜின் ஆயில் தேங்கி நிக்குது. இன்ஜின் மேல்மூடியில ஆயில் கசியாம அடைக்கற டேப்பட் கவர் கேஸ்கெட்டும் குழி சீலும் வெறச்சுப் போச்சு, காயில மட்டும் மாத்தியிருந்தா அதுவும் கொஞ்ச நாள்ல போயிருக்கும்னாரு. காயில், நாலு பிளக், கேஸ்கெட் செட், கூலி எல்லாம் சேத்து 5,000க்குள்ள முடிஞ்சுது. நாலு மாசமாச்சு, பி0420யும் வரல. மிஸ்ஸிங் இருக்கறப்ப எரியாத பெட்ரோலும் காத்தும் சைலன்சர் பக்கம் போறதால அங்க இருக்கற ஆக்சிஜன் சென்சார் கணக்கே தப்பாயிரும், அதனால மிஸ்ஸிங்க சரி பண்ணாம கன்வெர்ட்டர்ல கை வைக்கக் கூடாதுங்கறாரு. ஆனா லைட் சிமிட்டறப்ப அப்படியே ஓட்டுனா, அந்த எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள்ள போய் எரிஞ்சு அத நிஜமாவே கெடுத்துரும், அதனால சிமிட்டுனா ஆக்சிலேட்டர விட்டுட்டு ஓரங்கட்டிருங்க.

எனக்கு வயித்தெரிச்சல் பணத்துக்காக மட்டும் இல்ல. கோட்னா என்னன்னு யாருமே சொல்லித் தரலங்கறதுக்குத்தான். ஒரு சிலிண்டர் வெடிக்கறப்ப கிராங்க, அதாவது இன்ஜினுக்குள்ள சுத்தற தண்ட, ஒரு தள்ளு தள்ளுது, அது வரலைன்னா கிராங்க் வேகம் துளி குறையுது, கிராங்க் சென்சார் பாக்கறது அது ஒண்ணத்தான். மூணாவது சிலிண்டர் வெடிக்கலன்னு அதுக்குத் தெரியும், ஏன்னு தெரியாது. காயிலா பிளக்கா இன்ஜெக்டரா கம்ப்ரஷனானு மனுஷன்தான் ஒவ்வொண்ணா மாத்தி மாட்டிப் பாத்துக் கண்டுபிடிக்கணும். மேட்டுல மட்டும் மிஸ்ஸாகுதுன்னா அதுவே ஒரு துப்பு, லோடு ஏறறப்ப சிலிண்டருக்குள்ள பிரஷர் கூடும், பொறி தாவறதுக்கு வோல்டேஜ் அதிகம் வேணும், சொத்தைக் காயில் அங்கதான் படுத்துக்கும். பி0300ன்னு வந்து மிஸ்ஸிங் சிலிண்டர் சிலிண்டரா மாறுதுன்னா வேற கதை, காத்து இழுக்கற ஓஸ் எங்கயாவது கிழிஞ்சிருக்கா, பெட்ரோல் பிரஷர் இருக்கானு முதல்ல பாக்கணும்.

ஒர்க்‌ஷாப்காரங்களக் கேக்கறது ரெண்டுதாங்க. கோட கிளியர் பண்றதுக்கு முன்னாடி அத ஜாப் கார்டுல எழுதுங்க. கோட் விழுந்தப்ப வண்டி என்ன ஸ்பீடு, எத்தன ஆர்பிஎம், இன்ஜின் சூடு எவ்வளவுன்னு கம்ப்யூட்டர் எடுத்து வச்சிருக்கும், கிளியர் பண்ணுனா அதுவும் அழிஞ்சிரும், அப்புறம் அடுத்த மெக்கானிக் இருட்டுலதான் தேடணும். கழட்டுன பழைய பார்ட்டையும் வண்டிக்காரர் கையில குடுங்க.

ஸ்டியரிங்குக்குக் கீழ இருக்கற 16 பின் சாக்கெட்ல மாட்டிக் கோடப் படிக்கற புளூடூத் ரீடர் இப்ப ஆயிரம் ரூபாய்க்குள்ளயே கிடைக்குது, நான் ஒண்ணு வாங்கி டேஷ்போர்டுலயே வச்சிருக்கேன். உங்க வாகனப் பக்கத்துல வாரம் ஒரு கோட எடுத்து, அத எப்படித் தேடறதுன்னு இந்தப் பெரியவர் மாதிரி வேலை தெரிஞ்சவங்கள வச்சு எழுத வைங்க, நான் அத வெட்டி எடுத்து அவர் ஷெட்டு சுவத்துலயே ஒட்டுவேன்.

இப்படிக்கு,
வாசகர், பொள்ளாச்சி