இணையக் கதைத் தளங்களை நடத்துபவர்களுக்கு, கோத்தகிரியிலிருந்து

அன்புள்ள நிர்வாகிகளுக்கு,

வணக்கம். பகலில் தேயிலைத் தோட்டம், இரவில் தொடர்கதை என்று காலம் தள்ளுகிறவன் நான். உங்களைப் போன்ற ஒரு தளத்தில்தான் எழுதுகிறேன். காசு கொஞ்சம் வருகிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது வரும் விதம் கதையைப் படுத்தும் பாடு இருக்கிறதே!

அத்தியாயத்துக்குப் பூட்டுப் போடுகிறீர்கள். வாசகர் நாணயம் கட்டித் திறக்க வேண்டும், இல்லையென்றால் காத்திருக்க வேண்டும். அதனால் எல்லா அத்தியாயமும் யாரோ கதவைத் தட்டுவதில்தான் முடிகிறது. என் கதையில் ஒரு கிழவி, இலை வண்டி வரும்வரை மூட்டைமேல் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருப்பாள். வேறொன்றும் நடக்காது. பாதியிலேயே பலர் போய்விடுகிறார்கள், அங்கே ஒரு விபத்து வைக்கலாமே என்றார் தளத்திலிருந்து பேசியவர்.

வார இதழ்களும் ‘தொடரும்’ போட்டுத்தான் பிழைத்தன, சரி. ஆனால் ஒரு வாசகர் எந்த வரியில் எழுந்து போனார் என்று அந்த ஆசிரியர்களுக்குத் தெரியாது. நல்லவேளை!

காசுக் கணக்கு மாறினால் நூலின் பருமனே மாறிவிடும். அமேசானின் சந்தா வாசிப்புத் திட்டமான கிண்டில் அன்லிமிடெட்டில் முன்பு ஒரு நூலில் 10 சதவீதம் படித்தாலே எழுத்தாளருக்கு முழுப் பங்கு. 2015 ஜூலையில் படித்த பக்கத்துக்குத்தான் காசு என்றானது. குட்டிக் குட்டி நூலாகப் போட்டவர்கள் பலர் அப்புறம் தடிமனாகத் தொகுக்க ஆரம்பித்தார்கள்.

எங்கள் பச்சைத் தேயிலைக்குத் தேயிலை வாரியம் மாதாமாதம் குறைந்தபட்ச விலை அறிவிக்கிறது. அது கட்டுப்படியாகவில்லை என்று சண்டை போடுகிறோம். சண்டை போடவாவது ஒரு எண் இருக்கிறது. உங்களிடம் ஓர் அத்தியாயம் என்ன விலைக்குப் போகிறது, அதில் என் பங்கு எவ்வளவு? கணக்கைக் காட்டுங்கள்.

அதைவிட முக்கியம், வாசகர் பட்டியல். எழுத்தாளர்கள் சந்தா வாங்கி வாசகருக்கு மின்னஞ்சலில் எழுதி அனுப்பும் தளமான சப்ஸ்டாக், அந்தச் சந்தாவில் 10 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. ஆனால் மின்னஞ்சல் பட்டியலை எழுத்தாளர் எப்போது வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். அங்கேயே போய்விடலாமே என்பீர்கள். ஆனால் அங்கே சந்தாப் பணம் ஸ்ட்ரைப் என்ற பணப்பரிமாற்ற நிறுவனம் வழியாகத்தான் வரும். அந்த நிறுவனமோ 2024இல் இந்தியாவில் தானே அழைத்தவர்களுக்குத்தான் புதுக் கணக்கு என்று சொல்லிவிட்டது.

ஆகவே உங்களிடமே கேட்கிறேன். ‘இந்த எழுத்தாளருக்கு என் மின்னஞ்சலைத் தரலாம்’ என்று வாசகரே சம்மதம் சொல்ல ஒரு பொத்தான் வையுங்கள். முடியாது என்றால் அதையாவது வெளிப்படையாகச் சொல்லுங்கள். அடுத்த தொடரை எங்கே போடுவது என்று நான் முடிவு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
கோத்தகிரியிலிருந்து ஒரு தொடர்கதைக்காரன்